அங்கணத்துக் கல்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த ஆச்சி வீட்டில் அடுக்களையை ஒட்டி ஓர் அங்கணம் உண்டு. பாத்திரம் கழுவ, அரிசி களைய, கை கால் அலம்ப, காய்ச்சல் நேரத்தில் ஆற்றுக்குப் போக முடியாதவர்கள் குளிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஆறடிக்கு நாலடி இடம்தான். தரையில் மூன்று பட்டியக்கற்கள் பாவியிருக்கும். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை அங்கே ஈரம் காயாது. வீட்டில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர். அந்த அங்கணத்தில் ஒருவர்கூட வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை.

கருங்கல் என்பதால் வழுக்காது என்று அப்போது நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். கருங்கல்லும் தேயும். தினமும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிற இடம். இத்தனை பாதங்கள் நடக்கிற இடம். சில வருஷங்களில் கல் மினுங்க ஆரம்பித்துவிடும். வழுக்காமல் பார்த்துக்கொண்டது ஆச்சி.

1970களில் தெருவில் ஒருவர் வருவார். தோளில் சாக்குப் பை, அதற்குள் உளிகள், ஒரு சுத்தியல். “அம்மி கொத்தலியோ, ஆட்டுரல் கொத்தலியோ” என்று அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் ஆச்சி வாசலுக்கு வந்துவிடுவார். அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, நழுவும். அதனால் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். அம்மியும் ஆட்டுரலும் முடிந்தபின் ஆச்சி அவரை அங்கணத்துக்குக் கூட்டிப்போவார். ஒரு செம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றுவார். வெறுங்காலால் அங்கங்கே தேய்த்துப் பார்ப்பார்.

“இந்தா பாரும், இந்த இடம் காலைப் பிடிக்க மாட்டேங்கு. இங்கன கொத்தும்.”

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொத்துவார். சில்லு தெறிக்கும் என்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். கொத்தி முடித்துப் பெருக்கித் தள்ளியதும் ஆச்சி மறுபடி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். மறுபடி காலால் தேய்ப்பார். பாதம் நின்றால்தான் கூலி. கூலியோடு அரைப்படி அரிசியும் கொடுப்பார்.

ஈரக்காலால் தரையைச் சோதிக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் என் கண்முன்னே நடந்தது. வீடு கட்டுகிற வயது வந்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்பா 1984இல் பாளையங்கோட்டையில் வீடு கட்டினார். கூடத்துக்கு மொசைக், குளியலறைக்கு வெறும் சிமெண்ட் தரை. சிமெண்ட் பூசி, அது இறுகுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஆள் நின்று சணல் கயிற்றை இழுத்துப் பிடித்து அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். தண்ணீர் அந்தக் கோடுகளில் இறங்கி ஓடிவிடும். பாதம் கோட்டின் விளிம்பில் பிடித்துக்கொள்ளும். அம்மா அந்தத் தரையில் 26 வருஷம் குளித்தார்.

2011இல் அந்த வீட்டை இடித்து நான் புதிதாகக் கட்டினேன். டைல்ஸ் எடுக்க மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, மேலே வரிசையாக விளக்கு, சுவர் முழுக்கச் சாய்த்து வைத்த பலகைகள். நாங்கள் செருப்போடு நடந்தோம். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளியலறைக்கும் அடுக்களைக்கும் சேர்த்து இரண்டுக்கு இரண்டு அடியில் சந்தன நிறப் பளபளப்பு டைல்ஸ் ஒன்று பிடித்துப்போனது. அம்மா குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரில்லா இருக்கு” என்றார்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அம்மா எச்சரித்திருக்கிறார் என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

ஒட்ட வந்த கொத்தனாருக்கு அறுபது வயது இருக்கும். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் கேட்டார்: “பாத்ரூமுக்குமா இது? அங்க மட்டும் ஆன்டி ஸ்கிட் வாங்கிருங்க அண்ணாச்சி. வயசானவங்க இருக்காங்க.” பெட்டிகளை இறக்கியாயிற்று, அடுக்களைக்குப் போக நாலு பெட்டி மிச்சம் இருக்கிறது, அதையே போடுங்கள் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2014 மார்கழி. அம்மாவுக்கு அப்போது 71 வயது. மார்கழியில் விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போவது அவருடைய ஐம்பது வருஷப் பழக்கம். ஐந்து மணி இருக்கும். வாளி உருளுகிற சத்தமும், அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லாத ஒரு நொடியும், பிறகு “ஐயா” என்று என்னைக் கூப்பிட்ட குரலும் கேட்டது.

கதவைத் திறந்தபோது பார்த்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. தரையில் மெல்லிய சோப்பு நுரை படிந்திருந்தது. அந்த நுரையில் ஒரே நேர்க்கோடாக ஓரடி நீளத்துக்கு ஒரு தடம். அம்மாவின் குதிகால் போன தடம். அது நடுவில் எங்கேயும் தடுக்கவில்லை, வளையவில்லை. அவருடைய காலை நிறுத்த அந்தத் தரையில் எதுவுமே இருக்கவில்லை.

தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பாத்ரூம்லயா விழுந்தாங்க?” என்பதுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது. அதனால் நின்ற நிலையிலிருந்து சரிந்தாலே அந்த இடம் முறிந்துவிடும் என்றார். முறிவோடு எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துபோவதால் வயதானவர்களுக்கு அது தானாகக் கூடுவது கடினம். தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்தினார்கள். அம்மா எழுந்து நிற்க முடிந்ததும் வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். ஒவ்வொரு எட்டுக்கும் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். தரையை அவர் அப்படிப் பயந்து பார்க்கும்படி ஆக்கியது நான்தான்.

என் மகள் அப்போது கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு வாரம் அதைப் பற்றியே படித்து எனக்குச் சொன்னாள். ஈரத் தரையில் நாம் கல்லின் மேல் நடப்பதில்லை, தண்ணீரின் மேல்தான் நடக்கிறோம் என்றாள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. தரை சொரசொரப்பாக இருந்தால் அதன் நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு வந்து பாதத்தைத் தொடும். தண்ணீர் பள்ளங்களில் இறங்கிவிடும். தரை வழவழப்பாக இருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, பாதம் மிதக்கிறது. நாங்கள் போட்ட மாதிரி விட்ரிஃபைடு டைல்ஸ் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நீரை உறிஞ்சும். அது அதன் பலம். ஆனால் ஊற்றிய தண்ணீர் மொத்தமும் மேலேயே நிற்கும்.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்று கேட்டேன். வெறும் தண்ணீர் என்றால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 20 மைக்ரான் வித்தியாசம் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை சொல்கிறது என்றாள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சோப்பு, எண்ணெய் சேர்ந்தால் அது போதாது, இன்னும் கூட வேண்டும். அம்மா விழுந்ததற்கும் விழாமல் இருந்திருப்பதற்கும் நடுவே இருந்தது சில பத்து மைக்ரான்கள்தான்.

ஒரு தரை எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க ஜெர்மனியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டிய ஒரு மேடையில் எண்ணெய் தடவுகிறார்கள். பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர் காலணியோடு அதில் முன்னும் பின்னும் நடக்கிறார். மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார்கள். எத்தனை டிகிரியில் அவருக்குக் கால் நிற்கவில்லையோ அதை வைத்துத் தரம். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9. 10க்கு மேல் 19 வரை ஆர் 10. 19க்கு மேல் 27 வரை ஆர் 11. அப்படியே ஆர் 13 வரை போகிறது. வெறுங்காலோடு நடக்கிற இடங்களுக்குத் தனிச் சோதனை உண்டு. அதில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நடக்க வைக்கிறார்கள். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி.

இதைக் கேட்டபோது எனக்குச் சனிக்கிழமைதான் நினைவு வந்தது. நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிக்கிற வீடு எங்களுடையது. எண்ணெய், சோப்பு, வெறுங்கால் என்று அந்தச் சோதனைக்கூடத்தில் வைக்கிற மூன்றும் எங்கள் குளியலறையில் வாரா வாரம் நடக்கின்றன. அதற்கு நான் கண்ணாடியை விரித்து வைத்திருந்தேன்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் தரையை மாற்ற வேண்டும் என்று வேறொரு கடைக்குப் போனேன். ஆன்டி ஸ்கிட் கேட்டதும் ஒன்றை எடுத்துக் காட்டி, “இது ஆர் 9 சார், பத்துக்கு ஒன்பது” என்றார் அங்கிருந்த பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த வரிசை 9இல்தான் தொடங்குகிறது. ஆர் 9 என்பது அதன் மிகக் கீழான படி. படுக்கையறைக்குப் போதும், தண்ணீர் புழங்குகிற இடத்துக்குப் போதாது. மகள் சொல்லியிருக்காவிட்டால் நான் அதையே வாங்கி வந்திருப்பேன்.

இந்த முறை கையில் ஒரு பாட்டில் தண்ணீரும், ஷாம்பு சாஷே ஒன்றும் கொண்டு போயிருந்தேன். நாலு வகை டைல்ஸைத் தரையில் போடச் சொன்னேன். செருப்பைக் கழற்றினேன். மேலே தண்ணீரை ஊற்றி, துளி ஷாம்பு விட்டு, பக்கத்து மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பாதத்தை வைத்து முன்னால் தள்ளினேன். அந்த நாலில் இரண்டு, பார்க்க மங்கலான மேட் ஃபினிஷ். உலர்ந்திருக்கும்போது கைக்குச் சொரசொரப்பாகவே பட்டது. நனைந்ததும் ஒன்றில் கால் எண்ணெயில் போவதுபோல் போனது. மேட் என்றால் ஆன்டி ஸ்கிட் என்று நினைப்பது தவறு. பளபளப்பு இல்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். மூன்றாவது, பெரிய பெரிய புள்ளிகள் புடைத்தது. கால் நின்றது, ஆனால் உள்ளங்காலில் குத்தியது. அம்மா காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடக்கிறார். அவருக்கு அது தடுக்கும். அந்தப் பள்ளங்களில் அழுக்கும் சேரும். நாலாவது, மெல்லிய மணல் தாளைப் போல் இருந்தது. பாதத்தைத் தள்ளத் தள்ள நின்றுகொண்டது. விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆர் 11 என்று இருந்தது. கடையில் இருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். எனக்கு ஆச்சியின் செம்பு நினைவுக்கு வந்தது.

குளியலறை நாலுக்கு ஏழு அடி. 28 சதுர அடி. ஒன்றுக்கு ஒன்று அடியில், சேதாரம் சேர்த்து 31 டைல்ஸ். அம்மாவுக்கு முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் செலவைவிட அதன் மொத்த விலை குறைவு.

பழைய கொத்தனாரையே கூப்பிட்டேன். அவர் வந்து நடந்ததைக் கேட்டார். “நான் அன்னைக்கு இன்னும் அழுத்திச் சொல்லிருக்கணும் அண்ணாச்சி” என்று அவர் வருத்தப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. தவறு என்னுடையது என்று அவரிடமே சொன்னேன்.

பழைய தரையை உடைத்ததும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். இரண்டடி டைல்ஸ் என்பதால் போன முறை வாட்டம் சரியாகக் கொடுக்க முடியவில்லை. தண்ணீர் வடிகிற ஜாலி ஒரு மூலையில் இருக்கும்போது பெரிய டைல்ஸை இரண்டு பக்கமும் சாய்க்க முடியாது, குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தேங்கிய தண்ணீரில் சோப்பு படிந்திருக்கிறது. ஓரடி டைல்ஸ் என்றால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். அஞ்சடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வைத்தார். “இதுக்கு மேல வச்சா நிக்கதுக்குச் சரிவாத் தெரியும், வயசானவங்களுக்குத் தள்ளாடும்” என்றார். டைல்ஸுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எபாக்ஸி கிரவுட் அடைத்தார். சின்ன டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடு அதிகம். கோடு அதிகம் என்றால் காலுக்குப் பிடி அதிகம். அப்பா வீட்டுச் சிமெண்ட் தரையில் சணல் கயிறு போட்ட கோடு செய்த வேலையை இங்கே இந்தக் கோடு செய்கிறது.

நிறத்தையும் மாற்றினோம். சுவரும் தரையும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால், கண்புரை உள்ளவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. சுவரை வெளிராக விட்டுவிட்டுத் தரைக்கு அடர்சாம்பல் எடுத்தோம். குழாய்க்குப் பக்கத்திலும் வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்திலும் சுவரில் துளையிட்டுக் கைப்பிடிக் கம்பிகள் அடித்தோம். துண்டு போடுகிற கம்பி ஆள் எடையைத் தாங்காது. அதைக் கைப்பிடியாக நம்பக் கூடாது.

அடுக்களைத் தரையையும் மாற்றினேன். அங்கே கணக்கு வேறு. தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய், சிங்கிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கை தவறிச் சிந்துகிற சாம்பார் எல்லாம் உண்டு. ஆனால் குளியலறையைப் போல் தண்ணீர் ஓடாது. அங்கே ரொம்பச் சொரசொரப்பு போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு நுண்ணிய பள்ளங்களில் ஏறிக்கொள்ளும், துடைத்தாலும் வராது, ஆறு மாதத்தில் அந்தப் பிசுக்கே வழுக்கும். அதனால் ஆர் 10இல் துடைக்க எளிதான ஒன்றை எடுத்தோம். என் மனைவி ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துத்தான் சரி என்றாள். சிங்குக்கு முன்னால் போட்டிருந்த துணி மிதியடியை எடுத்துவிட்டோம். அடியில் ரப்பர் இல்லாத மிதியடி, வழுக்காத தரையையும் வழுக்க வைக்கும்.

நல்ல டைல்ஸும் பராமரிப்பு இல்லாவிட்டால் கெடும். சோப்புப் படிவும் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து சொரசொரப்பை மூடிவிடும். வாரத்துக்கு ஒருநாள் கெட்டிப் பிரஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். எண்ணெய்க் குளியல் அன்று குளித்தவர் வெளியே வந்ததும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிடுவது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். ஆசிட் ஊற்றுவதில்லை, சாதாரண கிரவுட்டை அது அரித்துவிடும், அதன் நெடி மூச்சுக்கும் ஆகாது.

அம்மா வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. என்னிடம் ஒரு கப் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை நீட்டி ஈரத் தரையில் வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பார்த்தார். தன் மாமியார் நாற்பது வருஷம் முன்பு அங்கணத்தில் செய்ததை அவர் மறந்திருக்கவில்லை. மறந்தது நான் ஒருவன்தான்.

“பிடிக்குது” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அம்மா ஏழு வருஷம் இருந்தார். முதல் சில மாதங்கள் என் மனைவி துணைக்கு நின்றாள். பிறகு தனியாகவே குளித்தார். மார்கழியிலும் குளித்தார். ஒருமுறைகூட வழுக்கவில்லை.

இப்போது யார் வீடு கட்டினாலும், குளியலறையைப் புதுப்பித்தாலும், கேட்காமலே இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். டைல்ஸ் கடைக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றுங்கள். நனைத்து, கால் வைத்துப் பாருங்கள். ஆர் எத்தனை என்று கேளுங்கள்; குளியலறைக்கு 11, அடுக்களைக்கு 10. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அவர் குனிந்து தடவிப் பார்த்து ஏதாவது சொன்னால், என்ன சொல்கிறார் என்று நின்று கேளுங்கள்.